தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே என் வலது முழங்காலையும் இரண்டு காதுகளையும் தவிர மற்ற உறுப்பினர்கள் அனைவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்துக்குப் பிறகு ஒரு புத்தாண்டு அட்டைதான் வந்தது. அதிலும் இரண்டே வரி. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகள் குவிந்திருக்கும், உனக்கு உட்காரக்கூட நேரம் இருந்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனில் கூப்பிட்டால் பயனில்லை. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்ற காதுகள் இவை. நீ பேசுவது தகர டப்பாவுக்குள் ஈ சுற்றுகிற மாதிரிதான் எனக்குக் கேட்கும்.

இத்துடன் செய்தித்தாளில் சுற்றி ஒரு கல் செடி அனுப்பியிருக்கிறேன். ஆமாம், நான்காவது. இரண்டு கூழாங்கற்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும், நடுவில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்துதான் பூ வரவேண்டும். நான்கு வருடம் வளர்த்தது, இந்த வருடம் கட்டாயம் பூக்கும்.

முதல் மூன்றும் போன கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். முதலாவது பதினோரு நாள். இரண்டாவது ஒரு மாதம். மூன்றாவதை நீ அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தாய், மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி ஊற்றிவிட்டார். மூன்றும் கஞ்சியாக அழுகின. கேட்டதற்கு, "வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம எப்படி இருக்கிறது?" என்றாராம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்திப் பழகிய மனசு. கையில் அந்த நீல எனாமல் குவளை இருந்தால் நாற்காலிக்கும் ஊற்றுவார். செப்டம்பரில் எழுதியபோது அவருக்குச் 'செடிக் கொலைகாரர்' என்று பட்டம் கொடுத்திருந்தேன். அதைத் திரும்பப் பெற இதோ ஒரு வாய்ப்பு.

மண்ணில் பாதி மணல். ஜன்னலோர வெயில். நான் எழுதும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

என் பின்கட்டுத் தோட்டம் அதே எட்டடிக்கு ஆறடிதான். என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நான் ஈ தின்கிற குடுவைச் செடியை வளர்க்கிறேன். இதுவும் சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கத்தான் செய்கிறது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவனுக்கு இது போதும் என்றுதான் பல நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. அந்த நாட்களில் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படிப்பேன்.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்

மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

செடி பத்திரமாக வந்தது. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அங்கே காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும். நீங்கள் எழுதிய விதிமுறைகளை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

சலவைப் பிரிவில் இப்போது இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன். நானேதான் கேட்டு வாங்கினேன். இஸ்திரி இயந்திரத்திலிருந்து விரிப்புகள் சூடாக வெளியே வரும், மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது. வீட்டுக்கு வந்தால்தான் பொழுது தெரிகிறது.

ஒரு சந்தேகம். செடியின் இரண்டு இலைகளும் சுருங்கிக்கொண்டு வருகின்றன. தொட்டால் தளர்ந்திருக்கிறது. செத்துக்கொண்டிருக்கிறதா? மறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழங்கால் உன் விசாரிப்புக்கு நன்றி தெரிவிக்கச் சொன்னது. வலி அப்படியேதான் இருக்கிறது.

பயப்படாதே. செடி சாகவில்லை. பழைய இலை ஜோடிக்கு உள்ளே புது ஜோடி ஒன்று வளர்கிறது. பழையது தன்னிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுத் தோலாக வற்றிப்போகும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பரிதாபப்பட்டு ஊற்றினாய் என்றால் இரண்டும் சேர்ந்து அழுகிவிடும். இந்த நேரத்தில் செய்யவேண்டிய ஒரே வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மாப்பிள்ளைக்குத் தெரியாத வேலையும் அதுதான். குவளையை எங்கேயாவது பூட்டி வை.

அவர் மறுத்துப் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இருபத்திரண்டு வருடமாக உன் கடிதத்தின் கடைசியில் அவருடைய கோணல் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கும். பஸ் பஞ்சர் ஆனது, ஒரு பயல் ஜன்னல் வழியாகச் செருப்பை எறிந்தது என்று ஏதாவது ஒன்று. போன தடவை இல்லை. அட்டையிலும் இல்லை. வேலைத் தொல்லையா, இல்லை என் மேல் கோபமா?

சேனைக்கிழங்குக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிழங்கைத் தொட்டியில் வைத்திருக்கிறேன் என்று முன்பு எழுதினேனே, ஏழு வருடம் இலை மட்டுமே விட்டது. இப்போது ஈட்டி மாதிரி ஒன்று மேலே கிளம்பியிருக்கிறது. மொட்டு என்றுதான் நினைக்கிறேன்.

உன் அண்ணன்

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நான் இருக்கிறேன்.

அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அவரால் எழுத முடியவில்லை, அவ்வளவுதான். இதை நீங்கள் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய இலை காகிதம் மாதிரி ஆகிவிட்டது. வெடிப்பு வழியாகப் புதிய பச்சை தெரிகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை.

உங்கள் தங்கை

மே 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இதை வழக்கமான சம்பிரதாயமாக எழுதவில்லை. போன செவ்வாய்க்கிழமை இதைப் பற்றி எங்கள் தெருவில் பலத்த சந்தேகம் இருந்தது.

அந்தக் கிழங்கு பூத்துவிட்டது. இடுப்பு உயரம், கறுத்த சிவப்பு, நடுவில் ஒரு நீண்ட தண்டு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மணம் இருக்கிறதே, எலி ஒன்று செத்து மூன்று நாள் ஆன மணம். ஈக்களைக் கூப்பிட அது செய்கிற தந்திரம். பூ நாலைந்து நாள்தான் நிற்கும் என்பதால் நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பின்கட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் கடைக்குக்கூடப் போகவில்லை.

வெளியே நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? மாடிவீட்டு டீச்சருக்கு முதலில் நாற்றம் போயிருக்கிறது. இரண்டு நாளாக என்னைக் காணவில்லை. கதவைத் தட்டியிருக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பூட்டுக்காரரைக் கூட்டிவந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். ஏழு பேர், எல்லோர் மூக்கிலும் கைக்குட்டை. நான் திரும்பிப் பார்த்தால் டீச்சர் கண்ணீரோடு நிற்கிறார்.

"உயிரோடவா இருக்கீங்க?" என்று கத்தினார்.

"இருக்கேன். பூதான் அப்படி நாறுது," என்றேன்.

"ஏங்க, மனுஷன் வளர்க்கிற பூவா இது?" என்று கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்டுக்காரர் மட்டும் பூவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

பிறகு எல்லோருக்கும் டீ போட்டேன். வீட்டில் இருந்தது மூன்று டம்ளர். மாற்றி மாற்றிக் குடித்தோம். நாற்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒரே நேரத்தில் ஏழு பேர் உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. அவர்கள் போனபிறகு ரொம்ப நேரம் டம்ளர்களைக் கழுவாமல் வைத்திருந்தேன். பூ வாடியபோது எனக்கு அழுகை வந்தது. கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல், சிரிப்பார்.

செடிக்கு இனி பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான்கு ஸ்பூன் தண்ணீர் விடலாம். நீயே விடு, அவர் கையில் கொடுக்காதே.

உன் அண்ணன்

ஜூன் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பெயருக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை, அதனால் எழுத்துத் தடுமாறுகிறது.

என் பூ கதைக்குக்கூட உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கோபம் இல்லை என்று தங்கச்சி எழுதுகிறாள். அவள் சின்ன வயதிலிருந்தே வீட்டில் சண்டை தெரியாமல் மூடி மறைப்பவள். யோசித்துப் பார்த்ததில் தப்பு என்னுடையதுதான். 'கொலைகாரர்' என்று எழுதியிருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளை இருபத்தெட்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்த மனிதரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் தனியாக இருக்கிறவன். கேலி செய்தால் முகம் சுளிக்க வீட்டில் ஆள் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது.

மன்னித்துவிடுங்கள். வேண்டுமானால் அந்த நான்காவது செடிக்கும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்தாவது என்னிடம் இருக்கிறது. கடிதத்தின் அடியில் உங்கள் இரண்டு வரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

ஆகஸ்ட் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

இரண்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு எழுதியது கிடைத்ததா? தபால்காரர் என் பெட்டியைத் தாண்டிப் போகும்போது தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், கேட்கவே வேண்டாம் என்கிற மாதிரி. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

செடி பூத்துவிட்டது. வெள்ளை. அத்தனை சின்னக் கல்லுக்குள் அத்தனை இதழ் எங்கே இருந்ததோ தெரியவில்லை. மதியம் விரிகிறது, சாயங்காலம் மூடிக்கொள்கிறது. வேலைக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அது மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளுக்கு நான்கு ஸ்பூன், நீங்கள் சொன்னபடிதான். அதற்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

உங்கள் தங்கை

அக்டோபர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முழங்காலை மறந்து மாடிக்கு ஏறிப்போய் டீச்சரிடம் சொன்னேன். "என் தங்கச்சி வீட்ல கல்லு பூத்திருக்கு டீச்சர்." அவரும் சந்தோஷப்பட்டார். கீழே வந்து டீ போட்டேன். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

எட்டு மாதம். சமையலறை ஜன்னல். ஒளித்து வைத்த இடமும் இல்லை, கை எட்டாத உயரமும் இல்லை. அலமாரி உச்சியில் இருந்ததையே விட்டுவைக்காதவர் மாப்பிள்ளை. அவர் நடமாடுகிற வீட்டில் அந்தச் செடி எட்டு மாதம் உயிரோடு இருக்காது.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மறுத்துப் பேசவில்லை. எழுத முடியவில்லை. ஒன்றில்கூட அவர் சுகம் என்று நீ எழுதவில்லை. பொய் சொல்லாமல் எழுத நீ எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய்.

லிஃப்ட் சத்தம் போட்டால் நான் கவலைப்பட மாட்டேன். வழக்கமாகப் போடுகிற சத்தம் நின்றுபோனால்தான் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் பார்ப்பேன். உன் வீட்டில் சத்தம் நின்று வெகுநாள் ஆகியிருக்கிறது. நான் கீழேயே நின்று கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் நினைப்பது தப்பு என்றால் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டி எழுது, சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளை எங்கேம்மா?

உன் அண்ணன்

நவம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வருடம் செப்டம்பர் பத்தொன்பது. கடைசிப் பையனையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியில். வண்டியை ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியையும் திருப்பிவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். தண்ணீர் பாட்டில் மடியில் இருந்ததாம்.

அண்ணனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று எழுதினேன், அதற்கு மேல் கை போகவில்லை. நான்காம் நாள் உங்கள் கடிதம் வந்தது, கொலைகாரர் பட்டத்தோடு. அவர் அதைப் பார்க்கவே இல்லை அண்ணா. நான்தான் படித்தேன், படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த நான்கு நாளில் முதல் தடவையாக. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் அவரை முடிந்துபோன ஆளாகவே பேசினார்கள். நல்ல மனுஷன், அருமையான மனுஷன் என்றார்கள். உங்கள் கடிதத்தில் மட்டும்தான் அவர் ஸ்டூல் போட்டு ஏறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், குவளையைப் பூட்டி வைக்கும்படி எனக்குக் கட்டளை வந்துகொண்டிருந்தது. உங்களிடம் சொன்னால் அங்கேயிருந்தும் போய்விடுவார். அதனால்தான் சொல்லவில்லை. உங்களை ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவில்லை.

விதிமுறைகளைப் படித்துக் காட்டினேன் என்று எழுதினேனே, அவர் படத்துக்கு முன்னால்தான். மன்னிப்புக் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். உறையில் அவர் பெயர் இருந்தது. அதற்குப் பதில் எழுத நான் யார்? நாள் போய்க்கொண்டே இருந்தது.

செடி பூத்த அன்று சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது. நான்காவதும் அழுகியிருக்கவேண்டும். அழுகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் தங்கை

நவம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

அழுதேன். காது கேட்காததில் ஒரு வசதி, எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று தெரியாது. டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது, இறங்கி வந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நீ இல்லை. நான் வரட்டுமா? ரயிலில் இரண்டு நாள்தானே. என் செடிகளைப் பார்த்துக்கொள்வதாக டீச்சர் சொல்லிவிட்டார், ஒரு நிபந்தனையோடு. அந்தக் கிழங்கு மறுபடி பூத்தால் தந்தி அடித்து என்னை வரவழைப்பாராம். தந்தி நின்று எத்தனை வருடம் ஆகிறது என்று அவருக்கு யாராவது சொல்லவேண்டும்.

இதோடு ஈரத் துணியில் சுற்றி ஒரு குடைக்கோரைத் தலை இருக்கிறது. விரித்த குடை மாதிரி இலை. இதை மண்ணில் நடக் கூடாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் தலைகீழாக மிதக்க விடவேண்டும், குடையின் நடுவிலிருந்து வேர் வரும். பிறகும் தொட்டியில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கவேண்டும். இதற்கு எவ்வளவு ஊற்றினாலும் தப்பில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மாப்பிள்ளைக்கு ஏற்ற செடி ஒன்றை அனுப்ப எனக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது. முட்டாள் நான்.

அவரைக் கேலி செய்வதை நான் நிறுத்தப்போவதில்லை. நீ வேண்டாம் என்றால் நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்

டிசம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரியாவது அவரைப் பற்றி எழுதுங்கள்.

மார்ச்சில் வாருங்கள். இப்போது வேண்டாம். அவருடைய சட்டைகள் இன்னும் கொக்கியிலேயே இருக்கின்றன, அவற்றை நானே எடுக்கவேண்டும். யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்கள் எடுத்துவிடுவார்கள். இரண்டு ஷிஃப்ட்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

குடைக்கோரைக்கு ஒரு பாத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருடைய நீலக் குவளையை இறக்கினேன். பதினான்கு மாதமாக அதை யாரும் தொடவில்லை. உள்ளே தூசி. கழுவித் தண்ணீர் நிரப்பி, நீங்கள் சொன்னபடி தலைகீழாக விட்டு, சமையலறை ஜன்னலில் கல் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பதினாறாம் நாள் வேர் வந்தது. நூல் மாதிரி மூன்று, வெள்ளையாக.

தினமும் காலையில் பார்த்தால் குவளையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, யாரோ ஒரு வாய் குடித்துவிட்டுப் போன மாதிரி. நான் மறுபடி நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

உங்கள் தங்கை